குறைந்த விலைக் கல்வி மடிக்கணினியில் மைக்ரோகன்ட்ரோலர் மென்பொருள்

மைக்ரோகன்ட்ரோலருக்கு வேண்டிய நிரலை அந்தச் சில்லிலேயே எழுத முடியாது. அதற்கு விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது, கோப்புகளை வைத்துக்கொள்ள இடமும் கிடையாது. ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா 328பி சில்லில் நிரலுக்கு 32 கிலோபைட், ஓடும்போது மாறிகளை வைத்துக்கொள்ள 2 கிலோபைட், மின்சாரம் போனாலும் அழியக்கூடாத சிறு தரவுகளுக்கு 1 கிலோபைட், அவ்வளவுதான். ஆகவே நிரல் வேறொரு கணினியில் எழுதப்படுகிறது. அங்கேயே சில்லுக்குரிய இயந்திர மொழியாக மாற்றப்படுகிறது. பிறகு யூஎஸ்பி கம்பி வழியே சில்லுக்குள் ஏற்றப்படுகிறது. அந்தக் கணினி வலுவானதாக இருந்தால் இவை எல்லாம் ஒரே பொத்தானை அழுத்தியதும் நடந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்காக விலையைக் குறைத்துச் செய்த மடிக்கணினியாக இருந்தால் ஒவ்வொரு படியும் தனித்தனியே தலைகாட்டும். சேமிப்பிடம் போதாது, நினைவகம் போதாது, இயங்குதளம் பழையதாக இருக்கும், பலகையைச் செருகினால் கணினி கண்டுகொள்ளாது.

இந்தச் சிக்கல்கள் அத்தனையையும் ஒரே இடத்தில் காட்டும் கணினி, 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' இயக்கத்தின் எக்ஸ்ஓ-1. நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005இல் 100 டாலர் மடிக்கணினி என்று அறிவித்த திட்டத்தின் விளைவு அது. 2007 நவம்பரில் தைவானின் குவான்டா நிறுவனம் பெருமளவு உற்பத்தியைத் தொடங்கியபோது விலை 188 டாலர் அளவில் நின்றது. 433 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஏஎம்டி ஜியோடு செயலி, 256 மெகாபைட் நினைவகம், வன்தட்டுக்குப் பதில் 1 கிகாபைட் ஃபிளாஷ், மூன்று யூஎஸ்பி துளைகள், திரைக்கு அடியில் ஒரு எஸ்டி அட்டைத் துளை, வெயிலிலும் படிக்கத்தக்க 7.5 அங்குலத் திரை ஆகியவை அதன் உடைமைகள். ஃபெடோரா லினக்ஸின் மேல், பைத்தானில் எழுதப்பட்ட சுகர் என்ற இடைமுகம் ஓடியது. உருகுவே, பெரு, ருவாண்டா போன்ற நாடுகளின் பள்ளிகளுக்கு இந்தக் கணினிகள் லட்சக்கணக்கில் போயின. உருகுவே 2009க்குள் அரசுத் தொடக்கப்பள்ளி மாணவர் அனைவருக்கும் இதைக் கொடுத்து முடித்தது.

எக்ஸ்ஓவும் ஆர்டுயினோவும் ஒரே காலத்துப் பிள்ளைகள். இத்தாலியின் இவ்ரேயா நகர வடிவமைப்புப் பள்ளியில் 2005இல் மாசிமோ பான்ஸி, டேவிட் குவார்டியெலெஸ் முதலியோர் ஆர்டுயினோவைத் தொடங்கினார்கள். அதற்கு அடித்தளமாக இருந்தது அதே பள்ளியில் எர்னாண்டோ பாராகான் உருவாக்கிய வயரிங் என்ற அமைப்பு. நிரல் எழுதும் சாளரம், ஓவியர்களுக்காக கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் செய்த பிராசஸிங்கிலிருந்து வந்தது. பிராசஸிங் ஜாவாவில் எழுதப்பட்டிருந்ததால் ஆர்டுயினோவின் சாளரமும் ஜாவாவைச் சார்ந்தே இருந்தது. 32 கிலோபைட் சில்லுக்கு நிரல் எழுதும் மென்பொருள் நூற்றுக்கணக்கான மெகாபைட்டை விழுங்குவதற்கான காரணங்களுள் இந்த ஜாவா முக்கியமானது. சில்லுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. திரையில் சாளரத்தைக் காட்டுவதற்காகவே அது வேண்டியிருக்கிறது.

ஆகவே எதையும் நிறுவுவதற்கு முன் இந்த மென்பொருளைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். உள்ளே நான்கு பகுதிகள் இருக்கின்றன. ஏவிஆர்-ஜிசிசி என்ற கம்பைலர் நிரலை இயந்திர மொழியாக்குகிறது. ஏவிஆர்-லிப்சி என்ற அடிப்படை நூலகம் சில்லின் பதிவேடுகளையும் பொதுச் செயற்கூறுகளையும் தருகிறது. ஆர்டுயினோவுக்கே உரிய மூல நூலகம் அதற்கு மேல் உட்கார்ந்து, பின்னை ஏற்று, அணை, காத்திரு என்பது போன்ற எளிய கட்டளைகளை வழங்குகிறது. ஏவிஆர்டியூட் என்ற ஏற்றும் கருவி முடிந்த நிரலைப் பலகைக்கு அனுப்புகிறது. ஜாவாச் சாளரத்தின் முக்கிய வேலை இந்த நான்கையும் வரிசையாகப் பயன்படுத்துவது. நூலகங்களுக்கு ஜாவா வேண்டாம்; கம்பைலரும் ஏற்றும் கருவியும் ஜாவா இல்லாமலே ஓடும் எளிய கட்டளை வரிக் கருவிகள். 256 மெகாபைட் நினைவகத்தில் தடுமாறுவது சாளரம்தான். கம்பைலர் அதே கணினியில் மெதுவாக, ஆனால் ஒழுங்காக வேலை செய்துவிடும். குறைந்த விலைக் கணினியில் எந்த வழியைத் தேர்வது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலேயே அடங்கிவிடுகிறது.

எக்ஸ்ஓவின் வடிவமைப்பாளர்கள் குழந்தைக்குத் தந்த ஒரு சலுகையை இங்கே தனியே சொல்ல வேண்டும். டெர்மினல் என்ற செயலியைத் திறந்து நிர்வாகிக் கட்டளையை இட்டால் கடவுச்சொல் கேட்காமலே முழு அதிகாரம் கிடைக்கும். பிள்ளை தன் கணினியில் எதையும் மாற்றிப் பார்க்கலாம் என்பது அவர்களின் கொள்கை. பூட்டிவைத்த பள்ளிக் கணினிகளோடு ஒப்பிட்டால் மைக்ரோகன்ட்ரோலர் வேலைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. பிட்ஃப்ராஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு கையொப்பமிடாத இயங்குதளங்களைத் தடுத்தது. வேறு இயங்குதளத்தை ஏற்ற விரும்பினால்தான் டெவலப்பர் சாவி என்ற சிறு கோப்பை விண்ணப்பித்துப் பெற வேண்டும். கம்பைலரையும் ஏற்றும் கருவியையும் நிறுவுவதற்கு அந்தச் சாவி தேவையில்லை.

நிர்வாகி அதிகாரம் கிடைத்ததும் ஃபெடோராவின் யம் கருவியால் தொகுப்புகளை இறக்கலாம். இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. ஏவிஆர்-ஜிசிசி என்ற தொகுப்பு சி மொழிக்கு மட்டும் உரியது. ஆர்டுயினோ நிரல்கள் உண்மையில் சி++. எனவே சி++க்கான துணைத் தொகுப்பையும் சேர்த்தே இறக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் சாளரம் திறக்கும், நிரலும் எழுதலாம். மொழிமாற்றும் கட்டத்தில் கருவி இல்லை என்ற செய்தியோடு நின்றுவிடும். ஃபெடோராவின் பிற்காலப் பதிப்புகளில் ஆர்டுயினோ என்ற பெயரிலேயே ஒரு தொகுப்பு இருந்தது. அது தேவையான அத்தனையையும் தானே இழுத்துக்கொண்டு வரும், ஜாவா உட்பட.

இடம் அடுத்த தடை. 1 கிகாபைட்டில் இயங்குதளமும் பிள்ளையின் படைப்புகளும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது கொஞ்சம். கருவிகளை எஸ்டி அட்டையில் வைப்பது இயல்பான தீர்வு, ஆனால் கடையில் வாங்கும் அட்டை ஃபேட் வடிவத்தில் இருக்கும். அந்த வடிவம் லினக்ஸின் கோப்பு அனுமதிகளையும் குறியீட்டு இணைப்புகளையும் ஏற்காது. கருவித் தொகுப்பை அதில் விரித்தால் இணைப்புகள் தொலைந்துபோகும், இயங்க வேண்டிய கோப்புகளில் சில இயங்க மறுக்கும். அட்டையையோ அதில் ஒரு பகுதியையோ லினக்ஸ் கோப்பு முறைக்கு மாற்றிக்கொண்டால் தொல்லை தீர்ந்தது. அதே அட்டையில் சில நூறு மெகாபைட்டை இடமாற்று நினைவகமாக ஒதுக்கினால், பெரிய நூலகங்களை மொழிமாற்றும்போது கணினி உறைந்துபோவது குறையும். எக்ஸ்ஓவின் உள் ஃபிளாஷில் இடமாற்று நினைவகம் வைக்கக்கூடாது. ஃபிளாஷ் குறிப்பிட்ட எண்ணிக்கை தடவைகளுக்கு மேல் அழித்தெழுதலைத் தாங்காது. அது பழுதானால் அட்டையைப் போலக் கழற்றி மாற்றவும் முடியாது.

இன்று எக்ஸ்ஓ போன்ற பழைய கணினியைக் கையில் எடுப்பவருக்கு முதலில் எதிர்ப்படுவது விடுபட்ட சி++ தொகுப்போ இடப் பற்றாக்குறையோ அல்ல. தொகுப்புகளின் பழைய முகவரிகள். ஃபெடோரா தன் பதிப்பு ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 13 மாதங்கள் மட்டுமே பராமரிக்கிறது. பிறகு தொகுப்புகள் ஆவணக் கிடங்குக்கு மாற்றப்படுகின்றன. யம் பழைய முகவரியிலேயே தேடித் தோற்கும். அமைப்புக் கோப்பில் ஆவணக் கிடங்கின் முகவரியை எழுதிக் கொடுக்க வேண்டும். கணினியின் கடிகாரமும் இதில் விளையாடும். உள்ளே இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அப்போது பாதுகாப்பு இணைப்புகளின் சான்றிதழ் செல்லாது எனக் கணினி மறுக்கும்; கோப்புகள் எதிர்காலத்தில் எழுதப்பட்டவை போலத் தோன்றுவதால், மாறிய கோப்புகளை மட்டும் மொழிமாற்றும் மேக் கருவியும் குழம்பும். தேதியைச் சரிசெய்வதே முதல் வேலையாக இருக்க வேண்டும். பாதுகாப்பு இணைப்பின் புதிய முறைகள் பழைய மென்பொருளுக்குப் புரியாவிட்டால், வேறொரு கணினியில் தொகுப்புகளை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவுவதே எளிது. ஒரு வகுப்பு முழுவதற்கும் நிறுவ வேண்டிய ஆசிரியருக்கு எப்படியும் அதுதான் நல்ல வழி. முப்பது கணினிகள் ஒரே இணைப்பில் ஒரே கோப்பை இறக்கும் கொடுமை இருக்காது.

மென்பொருள் நிறுவியாகிவிட்டது, பலகையையும் செருகியாகிவிட்டது. ஆனால் போர்ட் பட்டியல் வெறுமையாக இருக்கிறது. ஆர்டுயினோ அமைப்பில் பலர் கைவிடும் இடம் இதுவே. பலகை எந்தச் சில்லின் வழியாகக் கணினியோடு பேசுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். டுவெமிலனோவே போன்ற பழைய பலகைகள் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் எஃப்டிடிஐ நிறுவனச் சில்லைப் பயன்படுத்தின. லினக்ஸில் அவை 'டிடிஒய்-யூஎஸ்பி' என்று தொடங்கும் பெயரோடு வரும். 2010இல் வந்த ஊனோ அந்த வேலைக்கு ஏடிமெகா வரிசையிலேயே மற்றொரு சிறு சில்லை வைத்தது. அது 'டிடிஒய்-ஏசிஎம்' என்ற பெயரில் தெரியும். இன்று கடைத்தெருவில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் நகல் பலகைகள் பெரும்பாலும் சிஎச் 340 என்ற சீனச் சில்லோடு வருகின்றன. அவையும் 'டிடிஒய்-யூஎஸ்பி' வரிசைதான். மூன்றுக்கும் லினக்ஸ் கர்னலில் வெவ்வேறு இயக்கிகள் உண்டு. குறைத்துச் செய்த இயங்குதளங்களில் இவற்றுள் ஒன்று விடுபட்டிருக்கலாம். பலகையைச் செருகியவுடன் கர்னல் செய்திகளைப் பார்த்தால் குறை இயக்கியிலா, கம்பியிலா என்பது தெரிந்துவிடும். செய்தியே வரவில்லையென்றால் கம்பியைச் சந்தேகிக்கலாம். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் செய்யப்பட்ட, தரவுக் கம்பிகள் இல்லாத கேபிள்கள் வகுப்பறைகளில் ஏராளம்.

பெயர் தெரிந்தும் சாளரம் போர்ட்டைத் திறக்க மறுத்தால் அது அனுமதிச் சிக்கல். லினக்ஸில் சீரியல் போர்ட்டுகள் ஒரு பயனர் குழுவுக்கு உரியவை. டெபியன், உபுண்டு, ஃபெடோராவின் பிற்காலப் பதிப்புகள் ஆகியவற்றில் அந்தக் குழுவின் பெயர் டயல்அவுட். தொலைபேசி மோடம் காலத்து எச்சம். பயனரை அந்தக் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தால் போதும்; உள்நுழையும் நேரத்தில்தான் குழு உறுப்புரிமை நடைமுறைக்கு வருகிறது. ஆர்டுயினோவின் பழைய சாளரம் போர்ட்டைப் பூட்டுவதற்கென ஒரு பூட்டுக் கோப்பையும் எழுதும் என்பதால் ஃபெடோராவில் லாக் என்ற குழுவிலும் சேர வேண்டியிருந்தது. இதைச் செய்யாமல் சாளரத்தையே நிர்வாகியாக ஓட்டுவது சிலர் வழக்கம். அது அப்போதைக்கு வேலை செய்யும். பிறகு நிரல் கோப்புகள் எல்லாம் நிர்வாகியின் உடைமையாகி, மறுநாள் பிள்ளையால் தன் நிரலைத் திருத்த முடியாமல் போகும். எக்ஸ்ஓவில் இன்னொரு அடுக்கும் இருந்தது. ஒவ்வொரு சுகர் செயலியையும் தனித்தனிப் பயனராகச் சிறையிட்டு ஓட்டும் ரெயின்போ என்ற ஏற்பாடு அது. டெர்மினல் அந்தச் சிறைக்கு வெளியே இருந்ததால், கட்டளை வரிக் கருவிகளுக்கு அங்கே தடை இல்லை.

ஏற்றும் கட்டத்தில் நடப்பது நேரக் கணக்கு. ஏவிஆர்டியூட் போர்ட்டைத் திறக்கும்போது ஒரு சமிக்ஞைக் கம்பியின் நிலை மாறுகிறது. அந்த மாற்றம் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியே ஒரு குறுந்துடிப்பாகச் சில்லின் மீட்டமைப்புப் பின்னுக்குப் போய் அதை மறுதொடக்கம் செய்கிறது. சில்லில் முன்பே எழுதப்பட்ட பூட்லோடர் விழித்து, புதிய நிரல் வருகிறதா என்று சிறிது நேரம் காத்திருக்கிறது; வராவிட்டால் பழைய நிரலை ஓட்டத் தொடங்கிவிடுகிறது. இரு பக்கமும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். ஊனோவின் பூட்லோடர் 1,15,200 பாட் வேகத்தில் பேசும். 328 சில்லுள்ள பழைய பலகைகள் 57,600. 168 சில்லுள்ளவை 19,200. பலகையின் வகையைத் தவறாகத் தேர்ந்தால் வேகம் பொருந்தாமல், ஒத்திசைவு கிடைக்கவில்லை என்ற செய்தி பத்துத் தடவை திரும்பத் திரும்ப வரும். நகல் நானோ பலகைகளில் இது அன்றாடக் கதை. பட்டியலில் 'பழைய பூட்லோடர்' என்ற தேர்வை மாற்றினால் உடனே ஏறிவிடும்.

சாளரத்தைக் கைவிட்டுக் கட்டளை வரிக்குப் போவோர் ஒரு செய்தியை நினைவில் வைக்க வேண்டும். ஆர்டுயினோ சாளரம் பயனர் எழுதிய நிரலை அப்படியே கம்பைலரிடம் கொடுப்பதில்லை. மூல நூலகத்தின் தலைப்புக் கோப்பை முன்னால் சேர்க்கிறது. செயற்கூறுகளின் முன்னறிவிப்புகளையும் தானே எழுதிக்கொள்கிறது. மேக் கருவிக்கான கட்டளைக் கோப்பாகிய மேக்ஃபைல் வழியில் அந்த இரண்டையும் நிரலாளரே எழுத வேண்டும், அல்லது டெபியனில் ஆர்டுயினோ-எம்கே என்ற பெயரில் கிடைக்கும் ஆயத்த மேக்ஃபைலைப் பயன்படுத்தலாம். முதல் தடவை மூல நூலகம் முழுவதும் மொழிமாற்றப்படுவதால் ஜியோடு செயலி பொறுமையைச் சோதிக்கும். அடுத்த தடவை முதல் மாறிய கோப்பு மட்டுமே மொழிமாற்றப்படும், காத்திருப்பு வெகுவாகக் குறையும். 13ஆம் பின்னில் உள்ள விளக்கை அணைத்தேற்றும் முதல் நிரலின் முடிந்த அளவு ஏறத்தாழ 1 கிலோபைட்தான். ஏற்றுவதற்குச் சில நொடி போதும்.

நிரலை ஒவ்வொரு தடவையும் ஏற்றாமலே பலகையை ஆளும் மூன்றாவது வழி, எக்ஸ்ஓ போன்ற கணினிக்கு எல்லாவற்றிலும் பொருத்தமானது. ஃபிர்மாட்டா என்ற நிரலை வலுவான கணினி ஒன்றிலிருந்து பலகையில் ஒருமுறை ஏற்றிவிட வேண்டும். அதன்பின் பலகை யூஎஸ்பி வழியே வரும் கட்டளைகளைக் கேட்டு நடக்கும். மடிக்கணினியில் கம்பைலரே தேவையில்லை. சீரியல் போர்ட்டும் பைத்தானும் இருந்தால் போதும். சுகரின் டர்ட்டில் ஆர்ட் செயலிக்கு இதற்கான செருகு நிரல் உண்டு. ஆமையை நகர்த்திப் படம் வரையப் பழகிய பிள்ளை அதே கட்டங்களை அடுக்கி விளக்கை எரிய வைக்கலாம். உருகுவேயின் குடியரசுப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் உருவாக்கிய புடியா ரோபோ இதே சிந்தனையில் பிறந்தது. ரோபோவின் முதுகில் எக்ஸ்ஓவே மூளையாக உட்கார்ந்து செல்லும்; கீழே உள்ள பலகை உணரிகளையும் மோட்டார்களையும் கவனிக்கும். தொடக்கத்தில் ஆர்டுயினோவைப் பயன்படுத்திய அந்தக் குழு, பின்னர் யூஎஸ்பியோடு நேரடியாகப் பேசும் பிக் வகைச் சில்லில் தன் சொந்தப் பலகையைச் செய்துகொண்டது. இந்த வழியின் குறை ஒன்றுதான். கம்பியைப் பிடுங்கினால் பலகை தானாக எதையும் செய்யாது. தனித்து இயங்க வேண்டிய கருவிக்கு நிரலை ஏற்றித்தான் ஆக வேண்டும். பலகையே வாங்க முடியாத வகுப்புக்கு எக்ஸ்ஓவின் ஒலிவாங்கித் துளை இருக்கிறது. அதை உணரி உள்ளீடாகவும் அமைக்கலாம் என்பதால், ஒரு வெப்பத் தடையத்தைச் செருகி, வெப்பம் மாறுவதைத் திரையில் வரைபடமாகப் பார்த்துவிட முடியும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலகை மட்டும் என்றால் யூஎஸ்பி தரும் மின்சாரம் தாராளம். சர்வோ மோட்டாரைப் பலகையின் 5 வோல்ட் பின்னிலேயே இணைத்தால், அது அசையும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து சில்லு மறுதொடக்கமாகும், போர்ட் மறைந்து வேறு எண்ணோடு திரும்பும். இதை மென்பொருள் கோளாறு என்றெண்ணி மணிக்கணக்கில் நிறுவல்களை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. மோட்டாருக்குத் தனி மின்கலம் கொடுத்து, இரண்டின் தரைக் கம்பியையும் ஒன்றாக இணைப்பதே தீர்வு.

எக்ஸ்ஓவின் அடுத்த வடிவங்களில் சிக்கலின் முகம் மாறியது. எக்ஸ்ஓ-1.5இல் 1 கிகாஹெர்ட்ஸ் வியா செயலியும் கூடுதல் நினைவகமும் வந்ததால் ஜாவாச் சாளரமே ஓடியது. எக்ஸ்ஓ-1.75 ஆர்ம் செயலிக்கு மாறியபோது, இன்டெல் வகைக் கணினிகளுக்காகக் கட்டிய ஆர்டுயினோ தொகுப்பு அதில் ஓடாமல் போனது. கம்பைலரையும் ஏற்றும் கருவியையும் இயங்குதளத்தின் சொந்தக் கிடங்கிலிருந்தே எடுக்க வேண்டியதாயிற்று. கட்டளை வரி வழியைக் கற்றவர்களுக்கு இந்த மாற்றம் உறைக்கவே இல்லை. புதிய மென்பொருளைப் பழைய கணினிக்குக் கொண்டுவருவதும் கடினமாகிக்கொண்டே வருகிறது. ஜியோடு செயலியில் எஸ்எஸ்இ எனப்படும் கட்டளைத் தொகுதி கிடையாது. அது இருக்கும் என்று நம்பிக் கட்டிய நிரல்கள் தொடங்கிய கணமே நின்றுவிடும். 32 பிட் லினக்ஸுக்கும் கிடைத்த ஆர்டுயினோ சாளரங்களில் கடைசி 1.8.19, அது 2021 டிசம்பரில் வெளிவந்தது. 2022இல் வந்த 2.0 பதிப்பு 64 பிட் கணினிகளுக்கு மட்டும் உரியது, முன்னதைவிடப் பசி மிகுந்தது.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் எக்ஸ்ஓவைவிடப் பலமடங்கு வலுவானவை. அவற்றில் விண்டோஸோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி உருவாக்கியது. ஆகவே டெபியனுக்குச் சொன்னவை அதற்கும் பொருந்தும்: டயல்அவுட் குழு, கிடங்கிலிருந்து கருவிகள், தேவையானால் 1.8 வரிசைச் சாளரம். பழைய டெபியன் கிடங்குகளில் ஆர்டுயினோ வெகுகாலம் 1.0.5 பதிப்பிலேயே தங்கியிருந்ததால், சாளரத்தை மட்டும் ஆர்டுயினோ தளத்திலிருந்து நேராக எடுப்பது நல்லது. இத்தகைய கணினியில் உபுண்டு 22.04 ஏற்றியவர்கள் வேறொன்றைச் சந்திப்பார்கள். பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைகளை இயக்கும் ஒரு மென்பொருள், சிஎச் 340 பலகையைத் தன் சாதனம் என்றெண்ணிப் பறித்துக்கொள்ளும். போர்ட் ஒரு கணம் தோன்றி மறையும். பிரெய்ல் திரை பயன்படுத்தாத கணினியில் அந்தத் தொகுப்பை நீக்கிவிடலாம்.

குரோம்புக் போன்ற இன்றைய மலிவுக் கணினிகளில் நிறுவல் என்ற பேச்சே குறைந்துவிட்டது. 2021இல் குரோம் உலாவியின் 89ஆம் பதிப்போடு, வலைப்பக்கமே சீரியல் போர்ட்டைத் திறக்கும் வசதி வந்தது. கம்பைலர் எங்கோ ஒரு சேவையகத்தில் ஓடும். மடிக்கணினி முடிந்த நிரலைப் பலகைக்கு அனுப்புவதோடு சரி. இணையம் அறுந்தால் வேலையும் அறுந்துவிடும் என்பதால் கிராமப்புறப் பள்ளிக்கு இதை மட்டும் நம்பித் திட்டமிடுவது சரியல்ல.

உண்மையான விடுதலை பலகையின் பக்கத்திலிருந்து வந்தது. 2016இல் பிரிட்டனில் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட பிபிசி மைக்ரோபிட், கணினியில் செருகியதும் பென் டிரைவ் போலத் தோன்றும். நிரல் கோப்பை அதில் நகலெடுத்தால் தானே ஏற்றிக்கொள்ளும். 2021இல் 4 டாலருக்கு வந்த ராஸ்ப்பெரி பை பிக்கோவும், அதன் பொத்தானை அழுத்தியபடி செருகினால், அதே போலத் தெரியும். அதில் டேமியன் ஜார்ஜ் உருவாக்கிய மைக்ரோபைத்தானை ஒருமுறை நகலெடுத்துவிட்டால், சில்லே பைத்தானை நேரடியாகப் புரிந்துகொள்ளும். மடிக்கணினிக்குக் கம்பைலர் வேண்டாம், ஏற்றும் கருவி வேண்டாம். ஒரு சீரியல் டெர்மினல் போதும். சீரியல் போர்ட் அனுமதி மட்டும் இங்கேயும் வேண்டும்.

புதிதாகப் பலகை வாங்கும் பள்ளி, கையிலிருக்கும் மடிக்கணினிகள் எவ்வளவு பழையவையோ அவ்வளவுக்கு இத்தகைய பலகையையே தேர்வது நல்லது. ஆர்டுயினோ ஏற்கெனவே இருக்கும் பள்ளி ஏவிஆர் கருவிகளையும் 1.8.19 தொகுப்பையும் ஒரு பென் டிரைவில் இப்போதே சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய இயங்குதளங்களுக்கான கிடங்குகள் ஒவ்வொன்றாக இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. டெபியன் 2025இல் வெளியிட்ட 13ஆம் பதிப்பில் 32 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கு நிறுவியும் இல்லை, கர்னலும் இல்லை.